கப்பல்கள் ஒதுங்கிய விரிகுடாவில் ஒரு விடுமுறை: அகாபுல்கோ பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

மெக்சிக்கோவின் மேற்குக் கரையில் உள்ள அகாபுல்கோ, அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையில் உள்ள பழைய துறைமுக நகரங்களில் ஒன்று. அந்நகரின் கடற்கரையில் விடுமுறையைக் கழிக்கத் திட்டமிடும் சென்னை வாசகர்கள் சிலர் அனுப்பிய கேள்விகளுக்கு இவ்விதழில் விடை தருகிறோம்.

என் மகள் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பணிபுரிகிறாள். டிசம்பர் விடுமுறையில் நாங்கள் சென்னையிலிருந்தும் அவள் குடும்பம் அங்கிருந்தும் புறப்பட்டு, பத்து நாள் அகாபுல்கோவில் ஒன்றாகத் தங்கலாம் என்கிறாள். 74 வயதான என் மாமியாரும், ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பேரக்குழந்தைகளும் உடன் வருவார்கள். இது சரியான முடிவா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, சைதாப்பேட்டை)

பருவத்தைப் பொறுத்தவரை உங்கள் மகள் சரியாகவே தேர்ந்திருக்கிறார். அகாபுல்கோவில் ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வானம் தெளிந்திருக்கும், கடலும் வெதுவெதுப்பாக இருக்கும். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்களில் அங்கே மழை ஓய்ந்துவிடுகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். முன்னூறு ஆண்டுகளுக்கு முன் மணிலாவிலிருந்து பட்டும் பருத்தித் துணியும் ஏற்றிவந்த ஸ்பானியக் கப்பல்கள் அகாபுல்கோவை அடைந்ததும், அவற்றுக்காகச் சந்தை கூடியதும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரமும், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரமும் மெக்சிக்கோ நகரத்து மக்கள் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கு வரும் நாட்கள் என்பதால், கூட்டமும் அறை வாடகையும் ஏறியிருக்கும். குழந்தைகளின் பள்ளி இடம் கொடுத்தால் ஜனவரி நடுப்பகுதி இன்னும் நல்லது.

ஆனால் பருவம் மட்டும் பார்த்து முடிவெடுக்கும் ஊர் அன்று அது. 2023 அக்டோபர் 25 அன்று விடியுமுன் ஓட்டிஸ் என்ற புயல் அகாபுல்கோவின் அருகே கரையைக் கடந்தது. முந்தைய நாள் காலையில் சாதாரண வெப்பமண்டலப் புயலாக இருந்தது, ஒரே நாளில் மிகக் கடுமையான ஐந்தாம் வகைச் சூறாவளியாக, மணிக்கு சுமார் 260 கிலோமீட்டர் வேகக் காற்றோடு வந்து நகரைத் தாக்கியது. மக்கள் ஆயத்தமாவதற்கு நேரமே இருக்கவில்லை. கடற்கரையோர உயர்மாடி விடுதிகளின் சன்னல்களும் சுவர்களும் பிய்ந்துபோயின. மீனவர்களும் சுற்றுலாப் படகோட்டிகளும் படகுகளை இழந்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஜான் என்ற புயல் நாட்கணக்காக மழையைக் கொட்டி நகரை வெள்ளத்தில் ஆழ்த்தியது. விடுதிகள் படிப்படியாகத் திறக்கப்பட்டிருந்தாலும், புயலுக்கு முந்தைய படங்களை நம்பி அறை பதிவு செய்யாதீர்கள். அண்மையில் தங்கியவர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். மின்தூக்கி இயங்குகிறதா என்று விடுதிக்கே எழுதிக் கேளுங்கள். உங்கள் மாமியாருக்கு அது மிக முக்கியம்.

இரண்டாவது, பாதுகாப்பு. இதை மழுப்பிச் சொல்வது உங்களுக்குச் செய்யும் தீங்காகும். அகாபுல்கோ இருக்கும் கெரேரோ மாநிலத்தில் குற்றக் கும்பல்களின் மோதல் நீண்ட காலமாக இருந்துவருகிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை பல ஆண்டுகளாக அம்மாநிலத்துக்குச் செல்ல வேண்டாம் என்ற மிக உயர்ந்த நிலை எச்சரிக்கையை விடுத்துவந்திருக்கிறது. மெக்சிக்கோ நாட்டவர் இலட்சக்கணக்கில் அங்கு விடுமுறைக்குப் போய்த் திரும்புகிறார்கள் என்பதும் உண்மைதான். ஆயினும் மொழி தெரியாத முதியவரையும் சிறு குழந்தைகளையும் அழைத்துச் செல்பவரின் கணக்கு வேறு. இத்தகைய எச்சரிக்கை உள்ள இடங்களுக்குப் பயணக் காப்பீடு செல்லுமா என்பதையும் பாலிசியின் விலக்குப் பகுதியில் வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே என் கருத்து இது. பத்து நாளையும் அகாபுல்கோவில் கழிக்க வேண்டாம். குடும்பம் முழுவதும் தங்குவதற்கு, அதே பசிபிக் கரையில் தென்கிழக்கே வஹாக்கா மாநிலத்தில் உள்ள உவாதுல்கோவைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒன்பது சிறு விரிகுடாக்கள் வரிசையாக அமைந்த இடம் அது. ஒரு பகுதி 1998 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகிறது. மெக்சிக்கோ நகரிலிருந்து நேரடி விமானம் உண்டு. அதுவும் வரலாறு இல்லாத ஊர் அன்று. அகாபுல்கோ தலையெடுக்குமுன் கப்பல்கள் போய்வந்த துறைமுகம் அதுவே. ஆங்கிலேய மாலுமிகளான பிரான்சிஸ் டிரேக் 1579இலும் தாமஸ் கேவண்டிஷ் 1587இலும் அதைக் கொள்ளையிட்டார்கள். அகாபுல்கோவைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், பெரியவர்களில் விருப்பமுள்ளவர்கள் மட்டும் அன்றைய நிலவரத்தை விசாரித்துக்கொண்டு, விமானத்தில் போய் இரண்டு இரவு தங்கித் திரும்பலாம். மெக்சிக்கோ நகரிலிருந்து ஏறத்தாழ 380 கிலோமீட்டருக்கு நல்ல விரைவுச்சாலை இருக்கிறது. காரில் நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். என்றாலும் இருட்டிய பின் அச்சாலையில் போக வேண்டாம். நகருக்குள்ளும் விடுதி ஏற்பாடு செய்யும் வாடகைக் காரையே பயன்படுத்துங்கள்.

மெக்சிக்கோ விசா பெறுவது கடினமா? சென்னையிலிருந்து எந்த வழியாகப் போகலாம்?
(வங்கி ஊழியர், பெரம்பூர்)

செல்லுபடியாகும் அமெரிக்க விசா உங்கள் கடவுச்சீட்டில் இருந்தால், சுற்றுலாவுக்காக மெக்சிக்கோவில் நுழைய இந்தியர்கள் தனி விசா பெற வேண்டியதில்லை. கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகளின் விசாவுக்கும் இச்சலுகை உண்டு. அவற்றில் ஒன்றும் இல்லாதவர்கள் டெல்லியில் உள்ள மெக்சிக்கோ தூதரகத்தின் வழியே விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால், பயணச்சீட்டுக்குப் பணம் கட்டுமுன் தூதரகத்திடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பணிபுரியும் பிள்ளைகள் பலர் கவனிக்கத் தவறும் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அங்கே தங்கிப் பணிபுரிய அனுமதி நீண்டிருக்கும். ஆனால் கடவுச்சீட்டில் ஒட்டிய விசாவின் தேதி முடிந்திருக்கும். அப்படியானால் மெக்சிக்கோவின் சலுகை அவர்களுக்குப் பொருந்தாது. அமெரிக்காவுக்குத் திரும்பி நுழைவதற்கும் தனி விதிகளைப் பார்க்க வேண்டியிருக்கும். தாயும் தந்தையும் இங்கிருந்து போய்ச் சேர்ந்த பின், மகள் எல்லையைத் தாண்ட முடியாமல் நிற்கும் நிலை வேண்டாம். நிறுவனத்தின் குடிவரவு வழக்கறிஞரிடம் அவர் முன்கூட்டியே கேட்டுவிடட்டும்.

சென்னையிலிருந்து மெக்சிக்கோவுக்கு நேரடி விமானம் கிடையாது. ஐரோப்பிய நகரம் ஒன்றிலோ வளைகுடா நாட்டிலோ மாறிச் செல்ல வேண்டும். ஐரோப்பிய விமான நிலையங்கள் சிலவற்றில் மாறுவதற்கே இந்தியர்களுக்கு இடைமாற்ற விசா தேவைப்படும். அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கும் அமெரிக்க விசா வேண்டும். மெக்சிக்கோ நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய நம் உதகமண்டலத்தின் உயரத்தில் இருக்கிறது. நமக்கும் அந்நகருக்கும் நேர வித்தியாசம் பதினொன்றரை மணி. கடலோரச் சென்னையிலிருந்து போய் இறங்கியதும் மூச்சு வாங்கலாம். முதியவர்களும் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் முதல் நாள் முழுவதும் ஓய்வெடுத்துவிட்டுக் கடற்கரைக்கு இறங்குவது நல்லது.

பெசன்ட் நகர் கடற்கரையில் வளர்ந்தவர்கள் நாங்கள். அலையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அகாபுல்கோவில் எந்தக் கடற்கரை ஏற்றது? நீந்தலாமா?
(கணினிப் பொறியாளர், கொட்டிவாக்கம்)

அலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால் அதற்கு அஞ்சவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் ஆண்டுதோறும் இளம்பிள்ளைகளைப் பறிகொடுப்பவர்கள் நாம். இடுப்பளவு நீரில் நிற்பவரின் காலடி மணலைக் கரைத்துக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் அங்கும் உண்டு. சில இடங்களில் அது நம்முடையதைவிட வலியது.

அகாபுல்கோவில் இடம் தேர்வதற்கு ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. ஸ்பானியர்கள் இந்த ஊரைத் துறைமுகமாகத் தேர்ந்ததற்குக் காரணம், ஆழமான நீரும் அதை மூன்று புறமும் மலைகள் சூழ்ந்து காக்கும் அமைப்பும்தான். பெருங்கடலின் அலை விரிகுடாவின் வாயிலிலேயே தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. கப்பலுக்கு எது பாதுகாப்போ, அதுவே குளிப்பவருக்கும் பாதுகாப்பு. எனவே விரிகுடாவின் உட்பக்கத்தில் இருங்கள். திறந்த கடலைப் பார்த்த நீண்ட மணல்வெளிகளில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு மிக ஏற்றவை காலேத்தா, காலேத்தியா என்னும் இரட்டைக் கடற்கரைகள். விரிகுடாவின் மேற்கு முனையில், எதிரே ரொக்கேத்தா தீவு அரணாக நிற்க, குளத்தைப் போல அடங்கிய நீர். உள்ளூர்க் குடும்பங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வந்து நாள் முழுவதும் இருக்கும் இடம் என்பதால் கூட்டம் அதிகம்; ஆனால் அந்தக் கூட்டமே ஒரு காவல். அங்கிருந்து கண்ணாடி அடித்தளம் கொண்ட படகுகள் தீவுக்குப் போகின்றன. கடலடியில் நிறுவப்பட்டுள்ள குவாதலூப்பே மரியன்னையின் சிலையையும் காட்டுவார்கள். படகில் ஏறினால் குழந்தைகளுக்கு மிதவை அங்கியைக் கேட்டு வாங்கி அணிவியுங்கள். கிழக்கே தனிச் சிறு விரிகுடாவாக உள்ள புவெர்த்தோ மார்க்கேஸும் அமைதியானது. பெரிய விடுதிகள் வரிசையாக நிற்கும் நடுப்பகுதியில் இக்காக்கோஸ் பரவாயில்லை. கொந்தேசா பகுதியில் அலை சற்று அடிக்கும்.

பியே தெ லா குவெஸ்தா என்ற கடற்கரை, அகாபுல்கோ நகருக்கு வடமேற்கே சுமார் பத்து கிலோமீட்டரில் இருக்கிறது. ஒரு புறம் பெருங்கடல், மறுபுறம் கொயூக்கா என்னும் நன்னீர்க் காயல், நடுவே ஒடுங்கிய மணல்திட்டு. சூரியன் கடலில் மறைவதைக் காண அங்கே போங்கள். கிழக்குக் கரைக்காரர்களாகிய நமக்கு வீட்டருகே கிடைக்காத காட்சி அது. ஆனால் அக்கடலில் இறங்காதீர்கள். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் உள்ள ரெவோல்காதேரோவும் அப்படியே. புரளும் இடம் என்று பொருள்படும் அந்தப் பெயரே போதிய எச்சரிக்கை. விலை உயர்ந்த புதிய விடுதிகள் பல அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. கடலில் குளிப்பதற்காகவே போகிறவர்கள் அங்கே அறை எடுத்துவிட்டு நீச்சல்குளத்தையே நம்பியிருக்க வேண்டியிருக்கும்.

கரையில் கொடி கட்டியிருப்பார்கள். பச்சை என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பும் கறுப்பும் என்றால் நீரைத் தொடாதீர்கள். இழுப்பில் சிக்கிவிட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுச் சோர்ந்துபோகாமல், கரைக்கு இணையாக நீந்தி இழுப்பிலிருந்து விலகிய பின் கரையேற வேண்டும். இதைக் குழந்தைகளுக்குப் புறப்படுமுன்பே சொல்லிக்கொடுங்கள்.

அகாபுல்கோவின் வரலாற்றில் சென்னைக்கும் இடமுண்டு என்று பேராசிரியர் ஒருவர் சொன்னார். உண்மையா?
(கல்லூரி மாணவி, ராயபுரம்)

உண்மை. இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை நான் மகிழ்ச்சியோடு எழுதுகிறேன்.

1565இல் ஆந்திரேஸ் தெ உர்தானேத்தா என்ற துறவி மாலுமி, பிலிப்பைன்சிலிருந்து வடக்கே ஏறி, மேற்கிலிருந்து வீசும் காற்றைப் பிடித்துக் கலிபோர்னியக் கரையை அடைந்து, கீழிறங்கி அகாபுல்கோ வந்து சேரும் வழியைக் கண்டார். அதன் பின் 1815 வரை, இரண்டரை நூற்றாண்டு, மணிலாவுக்கும் அகாபுல்கோவுக்கும் இடையே ஆண்டுதோறும் ஓரிரு கப்பல்கள் சென்றுவந்தன. அகாபுல்கோவிலிருந்து வெள்ளி நாணயங்களோடு போக மூன்று மாதம். சரக்கோடு திரும்ப நான்கு முதல் ஆறு மாதம். பழமும் காய்கறியும் கிட்டாமல் ஈறு அழுகி மாண்டவர்கள் அந்தத் திரும்பும் வழியில் ஏராளம்.

சரக்கில் சீனப் பட்டே முதன்மை என்றாலும், நம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளும் மணிலா வழியாக அக்கப்பல்களில் ஏறின. ஆங்கிலேயர் மணிலாவில் வெளிப்படையாக வாணிகம் செய்ய ஸ்பானியர் இடந்தரவில்லை. எனவே சென்னையிலிருந்து போன சரக்கு ஆர்மீனிய வணிகர்கள் போன்றோரின் பெயரில் போனது. திரும்பும்போது மெக்சிக்கோவின் வெள்ளி வந்தது. அப்படி மணிலா வாணிகத்தில் பொருளீட்டியவர்களில் ஒருவர் ஆர்மீனியரான பெட்ரஸ் உஸ்கான். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைத் தம் செலவில் கட்டியவர் அவரே. பரங்கிமலைக்கு ஏறும் படிகளையும் அமைத்தார். பழைய பாலம் இருந்த இடத்தில் இன்று மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது. உஸ்கானின் கல்வெட்டு அருகே நிற்கிறது. நாள்தோறும் அவ்வழியே பேருந்தில் போகும் நம்மில் எத்தனை பேர் அதை நின்று பார்த்திருக்கிறோம்? அகாபுல்கோ போகுமுன் ஒரு காலை நேரம் சைதாப்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள்.

இன்னொரு தொடர்பும் உண்டு. 1762இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடிக்கப் புறப்பட்ட படை சென்னையிலிருந்தே கிளம்பியது. அதில் போன சிப்பாய்களில் சிலர் திரும்பி வராமல் மணிலாவுக்கு அருகே கைந்தா என்ற ஊரில் குடியமர்ந்துவிட்டார்கள்.

துணியும் வெள்ளியும் மட்டும் அக்கப்பல்களில் போகவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. ஆசியாவிலிருந்து அடிமைகளாகப் பிடிக்கப்பட்டவர்களும் அகாபுல்கோவில் இறக்கப்பட்டார்கள். இந்தியர்களும் அவர்களில் இருந்தார்கள். இந்தியாவில் பிறந்து, கொச்சியும் மணிலாவும் கடந்து, மெக்சிக்கோவின் புவெப்லா நகரில் விற்கப்பட்ட கத்தரீனா தெ சான் ஹுவான் என்ற பெண், தம் பக்தியால் அந்நகர மக்களால் போற்றப்பட்டு 1688இல் காலமானார்.

இவற்றைப் பற்றி அறிய அகாபுல்கோவில் சான் தியேகோ கோட்டைக்குப் போக வேண்டும். கப்பல் சரக்கைக் கடற்கொள்ளையரிடமிருந்து காக்க 1610களில் கட்டிய கோட்டை 1776 நிலநடுக்கத்தில் சிதைந்தது. இன்று நிற்கும் ஐங்கோண வடிவக் கோட்டை 1783இல் முடிந்தது. உள்ளே இருப்பது நகரின் வரலாற்று அருங்காட்சியகம். மெக்சிக்கோவின் அரசு அருங்காட்சியகங்கள் பொதுவாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். புயலுக்குப் பின் நேரங்கள் மாறியிருக்கலாம் என்பதால் விடுதியில் கேட்டுக்கொண்டு, வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.

நாங்கள் சைவ உணவுக்காரர்கள். அங்கே என்ன சாப்பிடுவது?
(இல்லத்தரசி, மயிலாப்பூர்)

பட்டினி கிடக்க நேராது. ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். இறைச்சி கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் இருக்கும். மசித்து வறுத்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். சோற்றைக் கோழி வேகவைத்த நீரில் சமைப்பதும் உண்டு. இறைச்சி வேண்டாம் என்றால் கோழியும் மீனும் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். எனவே 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் மாந்தேக்கா' என்று நான்கையும் சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, மீன், பன்றிக் கொழுப்பு எதுவும் இல்லாமல். கெரேரோவில் வியாழக்கிழமைதோறும் விரும்பி உண்ணும் பொசோலே என்ற மக்காச்சோளக் கஞ்சியிலும் பன்றி இறைச்சி இருக்கும்.

மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்துச் சுடும் தோர்த்தியா ரொட்டி, அவகாடோ, பாலாடைக்கட்டி, சப்பாத்திக்கள்ளியின் இளந்தண்டுப் பொரியல் ஆகியவற்றைத் தயங்காமல் உண்ணலாம். புளி கரைத்த இனிப்புநீர் எங்கும் கிடைக்கும். புளிச்சகீரை இனத்துச் செடியின் சிவந்த புல்லிதழ்களை ஊறவைத்த ஹமாய்க்கா என்ற பானமும் உங்களுக்குப் பிடிக்கும். குடிநீரைப் புட்டியில் மட்டும் வாங்குங்கள். தெருவோரப் பனிக்கட்டியைத் தவிருங்கள்.

பழக்கடையில் சற்று நில்லுங்கள். அங்கே மணிலா மாம்பழம் என்று விற்பது அக்கப்பல்கள் வந்த வழியின் பெயரைத் தாங்கியது. மாங்கோ என்று அவர்கள் சொல்வதும் நம் மாங்காய் என்ற சொல் போர்த்துக்கீசியர் வழியே போனதுதான். அருகிலேயே சிக்கோசப்போத்தே என்ற பழம் இருக்கும். வெட்டினால் நம் சப்போட்டா. அது மெக்சிக்கோவின் நாவாட்டில் மொழிப் பெயரோடு நம்மிடம் வந்து சேர்ந்த பழம். பசிபிக் கரையில் நீங்கள் பார்க்கும் தென்னைகளும் பிலிப்பைன்ஸ் மாலுமிகள் கொண்டுவந்தவற்றின் வழித்தோன்றல்கள். அவர்கள் கற்பித்த கள் இறக்கும் தொழில் அங்கே தூபா என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

பாறை உச்சியிலிருந்து கடலில் குதிப்பவர்களைப் பார்க்க மூட்டுவலி உள்ளவர்கள் போகலாமா?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், வேளச்சேரி)

லா கெப்ராதா என்ற அந்த இடத்தில் ஏறத்தாழ 35 மீட்டர் உயரத்திலிருந்து குறுகிய பாறை இடுக்குக்குள் குதிக்கிறார்கள். 1930கள் முதல் குடும்பத் தொழிலாகவே நடந்துவருகிறது. அலை உள்ளே புகுந்து நீர் உயரும் கணத்துக்காகக் காத்திருந்து குதிப்பதே அதன் நுட்பம். பார்வையாளர் மேடைக்குப் படிகள் பல இறங்கி, மீண்டும் ஏற வேண்டும். முடியாதவர்கள் பாறைக்கு எதிரே உள்ள விடுதியின் மாடத்தில் அமர்ந்து பார்க்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். குதித்தவர்கள் ஈரத்தோடு மேலேறி வந்து வாயிலில் நிற்பார்கள். அவர்களுக்கென்று கொஞ்சம் சில்லறைப் பெசோவைக் கையில் வைத்திருங்கள்.